திருப்பத்தூரிலிருந்து ரோடு சைக்கிளில் ஏலகிரியும் ஜவ்வாதும்: முழுமையான வழிகாட்டி

ரோடு சைக்கிள் வாங்கிய கையோடு எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏலகிரி ஏறிவிடுகிறார்கள். வடக்கே திரும்பினால் மலை கண்ணெதிரே நிற்கிறது, ஆசை யாரை விட்டது? ஏறுவதில் பெரிய ஆபத்து இல்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். முழங்கை உரிவதும் சட்டை கிழிவதும் திரும்பி இறங்கும்போதுதான். ஐந்தாறு வருடமாகப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்வருகிறேன். விழுந்தவர்களில் ஒருவர்கூட ஏற்றத்தில் விழவில்லை.

அதனால் இதில் உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் சமதளம், அப்புறம் மலையைச் சுற்றி ஒரு வட்டம், அதன்பின் ஏற்றம், இறக்கம், கடைசியில் ஜவ்வாது மலை. திருப்பத்தூர் என்றால் பழைய வடஆற்காட்டுத் திருப்பத்தூர், 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூர்க்காரர்கள் மன்னிக்கவும், உங்கள் ஊரில் இந்த மலை இல்லை.

1. கேசட்டில் பல் எண்ணுங்கள்

மலைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது. பின் சக்கரத்தில் உள்ள கேசட்டின் மிகப் பெரிய வளையத்தில் எத்தனை பல் என்று எண்ணுங்கள். முன்னால் சிறிய செயின் வீலில் எத்தனை என்றும் பாருங்கள்.

முன்னால் 34, பின்னால் 28 என்றால் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது மணிக்கு ஒன்பது கி.மீ. சொச்சம் வேகத்தில் போவீர்கள். செங்குத்தான வளைவில் புதியவருக்கு அந்த வேகம் வராது. சுற்று 40-க்கு இறங்கும், முழு பாரமும் முட்டிக்கு வரும். பின்னால் 34 பல் இருந்தால் அதே 60 சுற்றுக்கு ஏழரை கி.மீ. வேகம் போதும். அந்த வேகத்தில் பேசிக்கொண்டே ஏறலாம்.

28 பல்லோடு ஏறவே முடியாதா என்றால், முடியும். நானே இரண்டு வருடம் அப்படித்தான் ஏறினேன். இப்போது மாடிப்படி இறங்கினால் இடது முட்டி எனக்கு அதை நினைவுபடுத்துகிறது. 32 அல்லது 34 பல் கேசட் மாற்றச் சொல்லுங்கள். பின் டீரெய்லர் (செயினை வளையத்துக்கு வளையம் மாற்றும் கை) அதைத் தாங்குமா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகு வாங்குங்கள். சிலவற்றின் கை நீளம் போதாது, செயினும் புதிதாக நீளமாகப் போட வேண்டிவரும்.

2. வால்வும் பஞ்சரும்

இந்தப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் பின்னால் எனக்கு போன் செய்கிறார்கள்.

ரோடு சைக்கிள் டியூபில் பெரும்பாலும் இருப்பது பிரெஸ்டா வால்வு. மெல்லியதாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். நம் ஊர் பஞ்சர் கடை கம்ப்ரசரின் வாய் பைக்குக்கும் காருக்கும் செய்தது. அதில் இது பொருந்தாது. கடைக்கார அண்ணன் நல்ல எண்ணத்தில் அழுத்திப் பார்ப்பார், நுனி வளையும், டியூப் போச்சு. பித்தளையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் அடாப்டர் கிடைக்கிறது. வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடுங்கள். பையில் போட்டால் தேவைப்படும் அன்று கிடைக்காது.

காற்று எவ்வளவு? டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண் உச்ச வரம்பு. அதுவரை அடிக்க வேண்டும் என்று பொருள் இல்லை. எழுபது கிலோ ஆளுக்கு, 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பி.எஸ்.ஐ. போதும். கல்லு மாதிரி அடித்தால் வேகமாகப் போவதுபோல ஒரு பிரமை வரும். உண்மையில் டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் துள்ளும், வளைவில் பிடிமானம் குறையும்.

எடுத்துப் போக வேண்டியவை: டியூப் இரண்டு, ஒட்டுப் பெட்டி, டயர் நெம்பு இரண்டு, கைப்பம்பு, ஆலன் சாவிக் கொத்து, சிறிய இடுக்கி. இடுக்கி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே பஞ்சர் ஆக முதல் காரணம் சீமைக் கருவேல முள். அது டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியே பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அரை கி.மீ.யில் அதுவும் இறங்கும். டயரின் உட்புறம் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். குத்துகிற இடத்தில் இடுக்கியால் பிடித்து இழுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பின் சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். கடிகாரம் பார்க்க வேண்டாம், முழுதாக முடித்தால் சரி. நடுரோட்டில் முதல்முறை செய்கிறவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, அதற்குள் வெயில் ஏறிவிடுகிறது.

3. புறப்படும் நேரம், தண்ணீர், சாப்பாடு

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச்சில் ஒன்பது மணிக்குள் வீடு திரும்பப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த நாட்களில் மலைப் பாதை வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் காலை தெளிவாக இருக்கும், மாலையில் இடியோடு கொட்டும். அப்போதும் காலைதான்.

வேலூரிலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே வந்து தங்குங்கள். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்கு ரயிலில் 84 கி.மீ. காலையில் கிளம்பி வந்து சேரும்போது நல்ல நேரம் போயிருக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர். இரண்டு பாட்டில் வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொடி. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முக்கால் லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டாதீர்கள். கெட்டியாகிவிட்டால் வயிறு புரட்டும், தாகமும் தீராது.

பசிப்பதற்கு முன் சாப்பிடுங்கள். அரை மணிக்கு ஒரு வாழைப்பழமோ நாலைந்து பேரீச்சம்பழமோ போதும். கடலை மிட்டாய் நல்லதுதான், ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மென்று விழுங்க வராது. சமதளத்தில் சாப்பிடுங்கள். வாணியம்பாடி வழியாகப் போகும்போது பிரியாணி மணம் இழுக்கும். திரும்பி வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். நடுவில் சாப்பிட்டவர் ஒருவரை மீதி வழிக்கு நான் ஆட்டோவில் ஏற்றிவிட்டிருக்கிறேன், அவருடைய சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி மடியில் கொடுத்து.

4. முதல் ஓட்டம்: ஜலகம்பாறை

ஊரிலிருந்து ஜலகம்பாறை அருவிக்குப் போய்வர முப்பது கி.மீ.க்குள்தான். ஏலகிரியின் அடிவாரத்தில் முடிகிற பாதை. ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, கடைசியில் கொஞ்சம் தூக்கும்.

அருவி பார்ப்பதை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஓட்டத்தில் மூன்று விஷயம் பழக வேண்டும். ஒன்று, கையை எடுத்து பாட்டிலை உருவிக் குடித்துவிட்டு, குனிந்து பார்க்காமலே திரும்ப வைப்பது. இரண்டு, பெயின்ட் அடிக்காத வேகத்தடையைத் தூரத்திலேயே கண்டுபிடிப்பது. முன்னால் போகும் பைக்கின் பின்விளக்கு குதித்தால் அங்கே ஒன்று இருக்கிறது. மூன்று, நாய்.

நாய் விஷயத்தில் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். காலையில் ஊர் எல்லைகளில் நாய்கள் துரத்தும். வேகம் எடுத்தால் அவையும் வேகம் எடுக்கும், முன் சக்கரத்தில் வந்து விழும். வேகத்தைக் குறையுங்கள், முழுதாக நின்றாலும் தவறில்லை. சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, அதட்டி ஒரு குரல் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

இதே ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டு முறை என்று மூன்று வாரம் ஓட்டுங்கள். அலுத்தால் குரிசிலாப்பட்டுப் பக்கம் திரும்பி ஆண்டியப்பனூர் அணை வரை போய்வரலாம்.

5. ஏலகிரியை வலம் வாருங்கள்

மலை ஏறுவதற்கு முன் அதை ஒருமுறை சுற்றி வந்துவிட வேண்டும். திருப்பத்தூர், ஜோலார்பேட்டை ஓரமாகப் பொன்னேரி, வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம், மிட்டூர், குரிசிலாப்பட்டு வழியாகத் திரும்பவும் திருப்பத்தூர். மொத்தம் 65 முதல் 70 கி.மீ. ஏலகிரி முழு நேரமும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்.

திசையை மாற்றாதீர்கள், காரணம் பக்தி இல்லை. திருப்பத்தூர் வாணியம்பாடி சாலையில் பஸ்ஸும் லாரியும் அதிகம். ஐந்தரைக்குக் கிளம்பினால் கூட்டம் சேர்வதற்குள் அதை முடித்துவிடலாம். ஆலங்காயம் பக்கம் நாள் முழுக்க அமைதி, அதைக் களைப்பான பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் போனவர்கள் ஒன்பது மணிக்கு வாணியம்பாடியில் பஸ் புகையில் மாட்டிக்கொண்டு, ஏன் வந்தோம் என்று நொந்துகொள்வார்கள்.

வாணியம்பாடியில் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை குறுக்கிடும். அதில் ஏறி ஓட்டாதீர்கள். அங்கே வண்டிகள் போகும் வேகத்துக்கு முன்னால் நம் வேகம் ஒன்றுமே இல்லை. கடந்து போக வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் வெட்கம் எதற்கு?

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்குத் திரும்பும்போது சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டால் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. உங்களுக்குப் பின்னால் வரும் டிரைவர் கண்ணிலும் அதே வெயில்தான், அவருக்கு நீங்கள் ஒரு நிழல் மாதிரிதான் தெரிவீர்கள். பின்விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள், சட்டை பளிச்சென்று இருக்கட்டும்.

அப்புறம் களம். அறுவடைக் காலத்தில் இந்தப் பக்கத்து கிராமங்களில் கேழ்வரகையும் கொள்ளையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிச் சக்கரமே கதிரடித்துக் கொடுக்கும். பார்த்தால் மெத்தை போல இருக்கும். மேலே தாள், அதற்குக் கீழே தானியம், தானியத்துக்குக் கீழே வழவழவென்ற தார். மெல்லிய டயருக்கு அது பால்பேரிங் கொட்டின தரை. ஒரு தை மாதத்தில் அதன் மேல் பிரேக் பிடித்தேன். சைக்கிள் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் போய்விட்டது, நான் கேழ்வரகுக்குள் கிடந்தேன். முறத்தோடு நின்ற ஆயா ஓடிவந்து முதலில் என்னைத் தூக்கினார், அடுத்து என் சட்டையில் ஒட்டியிருந்த கதிரைத் தட்டிக் களத்திலேயே போட்டார். "பார்த்து வரக் கூடாதா நைனா" என்றார்.

களத்தைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராக உருண்டு போங்கள். நடந்து கடப்பது இன்னும் நல்லது.

ஆலங்காயத்தில் இட்லி சாப்பிடுங்கள். மூன்று போதும். திருப்பத்தூருக்கு இன்னும் 27 கி.மீ. இருக்கிறது.

6. ஏலகிரி ஏற்றம்

வட்டத்தை இரண்டு முறை முடித்தவர்கள் மட்டும் இங்கே வாருங்கள். பொன்னேரியில் தொடங்கும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை உண்டு, புலவர்கள் பெயரும் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்கள் பெயரும். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயர வேண்டும். புதியவருக்கு ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

கிழமையைப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் வரும். மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் பலர், வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வருவார்கள். வேலை நாளில் போக முடிந்தால் போங்கள். ஞாயிறுதான் வழி என்றால் ஆறு மணிக்கு முதல் வளைவில் இருங்கள். பாதை மலையின் மேற்குச் சரிவில் இருப்பதால் காலையில் நிழல் கிடைக்கும், அந்த நிழல் இலவசம். மதியம் ஏறினால் அதே சரிவு அடுப்புக் கல்.

முதல் மூன்று வளைவுவரை மிகச் சிறிய கியரில் (முன்னால் சிறிய வளையம், பின்னால் மிகப் பெரிய வளையம்), இவ்வளவு மெதுவாகவா என்று நீங்களே சந்தேகப்படும் வேகத்தில் போங்கள். கால் புதிதாக இருக்கும்போது எல்லோரும் வேகமாகத் தொடங்கி, ஏழாவது வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மைல்கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். அளவு எளிது: முழு வாக்கியம் ஒன்றை மூச்சு விடாமல் சொல்ல முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

வளைவின் உட்புறம் செங்குத்து, வெளிப்புறம் சமன். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு அந்தச் செங்குத்தான உட்புறம்தான் வாய்க்கும். அதற்கு இருபது மீட்டர் முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் போய் முழுப் பாரத்தோடு மிதித்தபடி கியர் மாற்றினால் செயின் கழன்று விழும், சில நேரம் அறுந்தே போகும். மேலிருந்து பஸ்ஸின் ஹார்ன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ்ஸுக்குத் திரும்ப முழு சாலையும் வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி, ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்களைத் தெரியாதே.

வழியில் குரங்குகள் இருக்கும். நிற்கும்போது வாழைப்பழத்தை வெளியே எடுக்காதீர்கள்.

மேலே அத்தனாவூர் வந்ததும் டீ குடியுங்கள். அரை மணி உட்காருங்கள், ஈரச் சட்டையை மாற்றுங்கள். அடுத்த பகுதிக்குக் கையும் கண்ணும் தெளிவாக இருக்க வேண்டும்.

7. இறக்கம்

மேலேயே, டீக்கடை வாசலிலேயே, ஐந்து நிமிடம் செலவழியுங்கள். பிரேக் கட்டையில் கோடு தெரிகிறதா பாருங்கள், தேய்ந்து மறைந்திருந்தால் பஸ்ஸில் இறங்குங்கள். இரண்டு சக்கரத்தின் குயிக் ரிலீஸும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் நெம்புகோல்) இறுக்கமா? முன் பிரேக் எந்தக் கையில்? சிரிக்காதீர்கள், சில சைக்கிளில் அது வலது கை, சிலவற்றில் இடது கை. நண்பரின் சைக்கிளை வாங்கி வந்தவருக்கு இது தெரியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கையை ஹேண்டிலின் வளைந்த கீழ்ப் பகுதியில் வையுங்கள். மேலே வைத்துப் பிடித்தால் பிரேக்கில் பலம் போதாது, பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். கீழே பிடித்தால் இரண்டு விரலே போதும், உடலின் எடையும் தாழ்ந்து சக்கரம் தரையைப் பிடிக்கும்.

பிரேக்கை வளைவுக்கு முன், சைக்கிள் நேராக இருக்கும்போதே பிடித்து முடிக்க வேண்டும். வளைவுக்குள் சாய்ந்த நிலையில் அழுத்தினால் சக்கரம் வழுக்கும், ஏனென்றால் அப்போது டயரின் பிடிமானம் முழுவதும் திரும்புவதற்கே செலவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்னதைக் கொஞ்சம் அதிகமாக, படிப்படியாக அழுத்துங்கள். நேரான பகுதியிலேயே ஓடுகிற ஆள் வேகத்துக்கு வந்துவிடுங்கள். அப்புறம் விட்டுவிட்டு உருளுங்கள்.

கண் போகிற பக்கம்தான் சைக்கிள் போகும். தடுப்புச் சுவரையே பயந்து பார்த்தால் அதற்குள்தான் போய்ச் சேருவீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். வளைவின் வெளிப்பக்கத்துக் கால் கீழே, அதன் மேல் எடை. உள்பக்க பெடல் கீழே இருந்தால் தரையில் உரசித் தூக்கி எறியும்.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், கட்டை உருகி வழுக்கும். இரண்டு மூன்று நொடி அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். நாலு வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நின்று ஆற விடுங்கள். ரப்பர் கருகும் வாடை வந்தால் எந்த இடமானாலும் நில்லுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், தண்ணீரும் ஊற்ற வேண்டாம். டிஸ்க் பிரேக் இருந்தாலும் வாடை வந்தால் இதேதான்.

வளைவில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும் மணலையும், பஸ் திரும்பும் இடத்தில் சிந்திய டீசலையும் கவனியுங்கள். டீசல் வானவில் நிறத்தில் மினுங்கும், மழை தூறிய பிறகு இன்னும் மோசம். முதல் தூறலில் தார் வழுக்குகிற அளவு நல்ல மழையில்கூட வழுக்காது.

முதல் மூன்று இறக்கத்தில் மணிக்கு 30 கி.மீ.யைத் தாண்டாதீர்கள். கூட வந்தவர் தாண்டிப் போனால் போகட்டும், பொன்னேரியில் பார்த்துக்கொள்ளலாம்.

8. கடைசியாக ஜவ்வாது: காவலூர் வரை

காவலூர் 700 மீட்டருக்குச் சற்று மேல், ஏலகிரியைவிடத் தாழ்வு. அதனால் எளிது என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு வேறு. ஆலங்காயம் வரை 27 கி.மீ. ஓட்டிய காலோடுதான் ஏற்றத்தைத் தொடங்குகிறீர்கள். ஏறி இறங்கிய பிறகு அதே 27 கி.மீ., இப்போது வெயிலில். மொத்தம் 80 கி.மீ. வாக்கில் வரும். ஏலகிரியில் நாலு முறை ஏறி இறங்கியவருக்குத்தான் இது.

ஆலங்காயத்தில் இரண்டு பாட்டிலையும் நிரப்புங்கள். அதற்கு மேல் காடு, கடைகள் குறைவு. போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் மூன்று ஏற்பாடு: வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்வது, நூறு ரூபாய்த் தாள் நாலைந்து வைத்துக்கொள்வது, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. தனியாகப் போகாதீர்கள். பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம், அது வனத்துறையின் இடம்.

காவலூர் வானாய்வகத்தின் வாசலில் திரும்பிவிடுங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம் அது. அங்கே நின்றதும் ஜவ்வாது மேலேயே உள்ள ஜமுனாமரத்தூர் பக்கத்தில்தானே என்று யாராவது ஒருவர் சொல்வார். பக்கம்தான், ஆனால் சாலை ஏறி ஏறி இறங்கும், போன தூரம் முழுவதையும் திரும்பி மிதிக்க வேண்டும். முதல் முறை வேண்டாம். அடுத்த முறை ஜமுனாமரத்தூரில் இரவு தங்கும்படி திட்டம் போட்டுக்கொண்டு போங்கள்.

இறக்கத்தில் ஏழாம் பகுதியில் சொன்னதெல்லாம் அப்படியே. கூடுதலாக ஒன்று: மர நிழலும் வெயிலும் மாறி மாறி வருவதால் குழி கண்ணுக்குத் தெரியாது. கருப்புக் கண்ணாடியை இறக்கத்துக்கு முன் கழற்றிவிட்டு, வெள்ளைக் கண்ணாடி போடுங்கள்.

9. வீட்டுக்கு வந்ததும்

குளிப்பதற்கு முன் பத்து நிமிடம் சைக்கிளுக்கு. ஈரத் துணியால் ரிம்மைத் துடையுங்கள். கருப்பாக வருவது பிரேக் கட்டையின் தூள். கட்டையில் ஒட்டிய மணல் துகளைக் குண்டூசியால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் அது ரிம்மை அரம் போல ராவும். டயரைச் சுற்றிப் பார்த்து முள் இருந்தால் இப்போதே பிடுங்குங்கள். முள்ளோடு ஓடி வந்த டயர் நிறுத்தி வைத்த இரவில்தான் இறங்கும், விடியற்காலை ஐந்து மணிக்கு உங்களுக்குத் தெரியவரும்.